வாசல்வரை வரும் கம்பி யாருடையது?

நண்பர்கள் நால்வர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு கட்டத்தில் "உங்கள் வீட்டில் யாருடைய இணைப்பு? வேகம் எப்படி?" என்ற கேள்வியில் வந்து நிற்பதைக் கண்டிருக்கிறோம். ஒரு காலத்தில் தண்ணீர் லாரிக்கும் சமையல் எரிவாயு உருளைக்கும் இருந்த இடம் இன்று இதற்கு. பதிலாக ஒரு நிறுவனத்தின் பெயரும் மாதக் கட்டணமும் சொல்லப்படும். கூடவே ஒரு பெருமூச்சு. கேட்டவர் அந்த நிறுவனத்துக்கு மாறலாமா என்று யோசிப்பார். சொன்னவரோ இவருடைய நிறுவனத்துக்கு மாறலாமா என்று ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருப்பார்.

இதை விலை விசாரித்து வாங்கும் பொருள்களுள் ஒன்றாகவே நாம் கருதிப் பழகிவிட்டோம். ஆனால் இந்தப் பெருமூச்சுக்கு முப்பதாண்டு வரலாறு இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்த்தால், வேகம் என்பது பெரும்பாலும் பொறியியலால் தீர்மானிக்கப்பட்டதன்று என்பதும், நம் வாசல்வரை வரும் கம்பி யாருக்குச் சொந்தம், அதை யாருடன் பகிர வேண்டும் என்ற கேள்விகளுக்கு அவ்வப்போது சொல்லப்பட்ட விடைகளே அதைத் தீர்மானித்தன என்பதும் விளங்கும். அந்த விடைகளைக் காலவரிசையில் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

இந்தியாவில் இணையம் முதலில் வந்தது வீடுகளுக்கு அன்று, கல்விக்கூடங்களுக்கு. 1986இல் தொடங்கப்பட்ட எர்னெட் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பில் சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட சில நிறுவனங்கள் மட்டுமே இருந்தன. பொதுமக்களுக்கான இணையச் சேவையை 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் தொடங்கியது. சுதந்திர தினத்தன்று தொடங்கப்பட்ட அந்தச் சேவையின் வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், நொடிக்கு ஏறத்தாழ 1,200 பைட். ஒரு பக்கக் கடிதம் சில நொடிகளில் வந்துவிடும். ஒரு நடுத்தரமான புகைப்படம் வர ஒரு நிமிடம் ஆகும். தனி நபர் ஒருவர் ஆண்டுக்கு 5,000 ரூபாய் கட்டினால் 250 மணி நேரம் கிடைத்தது. மாணவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் தரப்பட்ட கணக்கில் படங்கள் தெரியா. கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகள் மட்டுமே ஓடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விதேஷ் சஞ்சார் நிகத்திடம் இருந்தது வெளிநாட்டுக்குச் செல்லும் வாயில் மட்டுமே. நம் வீட்டிலிருந்து அந்த வாயில்வரை செல்லும் கம்பி தொலைத்தொடர்புத் துறைக்குச் சொந்தமானது. ஆகவே முதல் நாளிலிருந்தே வீட்டு இணையத்துக்கு இரண்டு எசமானர்கள். இணைப்பு அறுந்தால் பழுது கம்பியிலா வாயிலிலா என்பதைக் கண்டுபிடிப்பது வாடிக்கையாளரின் பொறுப்பாயிற்று. "உங்கள் லைனில் கோளாறு" என்று ஓரிடத்திலும், "லைன் நன்றாகத்தான் இருக்கிறது" என்று மற்றோரிடத்திலும் கேட்டுத் திரும்பியவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

1998 நவம்பரில் வெளியான கொள்கை தனியார் நிறுவனங்களுக்கும் இணையச் சேவை உரிமம் தந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே, பின்னாளில் சிஃபி என்று பெயர் பெற்றது, அவ்வாண்டே சேவையைத் தொடங்கியது. 1999 அக்டோபரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையிலும் இடம்பிடித்தது. அதன்பின் பல நிறுவனங்கள் வந்தன. மணிக்கணக்கில் இணையம் அட்டைப்பெட்டியில் அடைக்கப்பட்டுக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. வாடிக்கையாளர் முதன்முறையாக 'தேர்வு' செய்யத் தொடங்கிய காலம் அது.

ஆனால் அது எத்தகைய தேர்வு? எந்த நிறுவனத்தின் பெட்டியை வாங்கினாலும் டயல் செய்வது அதே தொலைபேசிக் கம்பி வழியாகத்தான். அந்தக் கம்பி மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே இணைப்பகம் கடத்தும். கணினியின் செய்தியை அந்தக் குறுகிய சந்துக்குள் ஒலியாக மாற்றி அனுப்புவதே மோடத்தின் வேலை. இணைப்புக் கிடைக்கும்போது எழுந்த அந்தக் கீச்சொலியும் இரைச்சலும், இரண்டு மோடங்கள் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்ட உரையாடல்தான். பெட்டியின்மேல் 56 கிலோபிட் என்று அச்சிட்டிருந்தாலும், கம்பியின் தரத்தைப் பொறுத்து அதற்கும் கீழேதான் கிடைக்கும். வீட்டில் ஒருவர் இணையத்தில் இருந்தால் தொலைபேசி 'எங்கேஜ்டு'. நிறுவனத்துக்கு மணிக்கணக்கில் ஒரு கட்டணம். தொலைபேசித் துறைக்கு அழைப்புக் கணக்கில் இன்னொன்று. ஆகவே பலருக்கு 'வீட்டு இணையம்' என்பது தெருமுனையில் இருந்த ப்ரௌசிங் சென்டர்தான்.

வேடிக்கையான இன்னொரு நிலையும் இருந்தது. இந்திய நிறுவனங்கள் தமக்குள் நேரடியாக இணைந்திருக்கவில்லை. மயிலாப்பூரில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர், மாம்பலத்தில் இன்னொரு நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு எழுதும் மின்னஞ்சல் கடல் கடந்து அமெரிக்கா போய்த் திரும்பி வருவது உண்டு. தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் இந்த வழக்கத்தைக் குறைப்பதற்காகவே 2003இல் நிக்ஸி என்னும் தேசிய இணைய இணைப்பு மையம் அமைக்கப்பட்டது. வீட்டில் உணரப்பட்ட தாமதத்தில் ஒரு பகுதி வீட்டிலும் இல்லை, தெருவிலும் இல்லை. நிறுவனங்கள் ஒன்றோடொன்று கை கோக்காததில் இருந்தது.

*

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இந்தக் காலம் இன்னொரு காரணத்தால் முக்கியமானது. தமிழ் இணையத்துக்கு வந்தது இந்தச் சந்தின் வழியாகத்தான். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களின் உழைப்பால் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கியது. 1999இல் 'திண்ணை' இணைய இதழ் வந்தது. அன்று தமிழ்ப் பக்கங்களுக்குப் பொதுவான ஒரு குறியேற்றம் இல்லை. ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு. அதைத் தனியே இறக்கிக்கொள்ள வேண்டும். சில தளங்கள் தமிழ் எழுத்துகளைப் படமாகவே ஏற்றின. நொடிக்கு ஐந்தாறு கிலோபைட் வரும் இணைப்பில், ஒரு பக்கக் கவிதையைப் படமாகப் பெற வாசகர் காத்திருந்த நேரம், அதைப் படிக்க ஆகும் நேரத்தைவிட அதிகம்.

குறியேற்றத்துக்கும் எடை உண்டு. தஸ்கி என்னும் பழைய குறியேற்றத்தில் 'தமிழ்' என்ற சொல் 4 பைட் இடம் எடுத்தது. யூனிகோடின் யு.டி.எஃப்-8 முறையில் அதே சொல்லுக்கு 15 பைட் தேவை. ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் மூன்று பைட். ஆங்கிலச் சொல் எழுத்துக்கு ஒரு பைட்டில் முடிந்துவிட, தமிழ்ச் சொல் மும்மடங்குச் சுமையுடன் அதே கம்பியில் வந்தது. தேடுபொறிகளுக்கும் எல்லாக் கணினிகளுக்கும் புரியும் ஒரே முறை என்பதால் யூனிகோடுக்கு மாறியது சரியான முடிவே. பக்கங்களைச் சுருக்கி அனுப்பும் நுட்பம் அந்தச் சுமையில் பெரும்பகுதியைக் குறைத்தது என்பதும் உண்மை. இருந்தாலும் அந்த ஆண்டுகளில் தமிழ்த் தளங்களை நடத்தியவர்கள் படம் குறைத்து, அலங்காரம் தவிர்த்து, எழுத்தை மட்டுமே நம்பிப் பக்கங்களை அமைத்ததில் சிக்கனத்தின் கட்டாயமும் இருந்தது. மெதுவான கம்பி எழுத்துக்கு ஒருவகையில் காவலாகவும் இருந்திருக்கிறது.

*

கம்பியின் மறுமுனை கடலில் இருக்கிறது. 1871இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது. ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்குப் பின், 2002இல், அதே இரு நகரங்களுக்கும் இடையே ஐ2ஐ என்னும் கண்ணாடி இழை வடம் சுமார் 3,200 கிலோமீட்டர் நீளத்துக்கு இடப்பட்டது. பாரதி குழுமமும் சிங்டெல் நிறுவனமும் சேர்ந்து போட்ட வடம் அது. அதற்கு முன்பு வெளிநாட்டு வாயில் அரசு நிறுவனமாக இருந்த விதேஷ் சஞ்சார் நிகத்தின் ஏகபோகமாகவே நெடுங்காலம் இருந்தது. 2002இல் அந்த நிறுவனமே டாடா குழுமத்தின் கைக்குச் சென்றது. 2005இல் சீ-மீ-வீ 4 வடமும் சென்னையைத் தொட்டது. கடலில் கொள்ளளவுக்குப் பஞ்சம் தீர்ந்தது.

2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் ஆகிய இரு வடங்களும் அறுந்தபோது இந்தியா முழுவதும் இணையம் தள்ளாடியது. அன்று ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியவருக்கு அதனால் பெரிய பயன் இருந்திருக்காது. பல நிறுவனங்கள் அதே வடங்களில்தான் இடம் வாங்கியிருந்தன. பெயர்ப் பலகைகள் பல, கிணறு ஒன்று.

*

கடல் திறந்துவிட்டது; தெரு மூடியே கிடந்தது. இந்த வரலாற்றின் திருப்புமுனை 2004 என்று நாங்கள் கருதுவது இதனால்தான்.

அவ்வாண்டு ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு பரிந்துரையை அளித்தது. பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். ஆகிய அரசு நிறுவனங்களிடம் கோடிக்கணக்கான வீடுகளுக்குச் செல்லும் செப்புக் கம்பிகள் இருக்கின்றன. அவற்றைப் பிற நிறுவனங்களும் உரிய வாடகை கொடுத்துப் பயன்படுத்த வழி செய்ய வேண்டும் என்பது அதன் முக்கிய அம்சங்களுள் ஒன்று. இது புதுமையான யோசனையன்று. ஜப்பானில் என்.டி.டி. நிறுவனத்தின் கம்பிகளை வாடகைக்கு எடுத்தே 2001இல் 'யாஹூ பிபி' மலிவான அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியது. பிரான்சில் 2002இல் 'ஃப்ரீ' நிறுவனம் மாதம் 29.99 யூரோவுக்கு இணைப்புத் தந்து சந்தையையே புரட்டிப்போட்டது. கம்பி ஒருவருடையது, சேவை பலருடையது என்ற ஏற்பாடு அங்கெல்லாம் வாடிக்கையாளருக்கு மெய்யான தேர்வைக் கொடுத்தது.

2004 அக்டோபரில் இந்திய அரசின் அகலப்பட்டைக் கொள்கை வெளியானது. கம்பியைப் பகிர்வது கட்டாயமாக்கப்படவில்லை. நிறுவனங்கள் விரும்பினால் தமக்குள் வணிக உடன்பாடு செய்துகொள்ளலாம் என்ற அளவில் அது விடப்பட்டது. விரும்புவதற்கு எந்தக் காரணமும் இல்லாத ஒருவரிடம் விருப்பத்தை விட்டுவைப்பதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தக் கம்பிகள் பொதுப்பணத்தில் போடப்பட்டவை. இலாபம் தராத கிராமங்களுக்கும் கம்பி இழுத்த கடமையை அரசு நிறுவனமே சுமந்தது. தனியார் வந்து நகரத்தின் கொழுத்த தெருக்களை மட்டும் பொறுக்கிக்கொண்டால் கிராமத்தின் செலவை யார் ஏற்பது? அமெரிக்காவிலும் 2003 முதல் இத்தகைய பகிர்வு விதிகள் தளர்த்தப்பட்டு வந்தன என்பதையும் சுட்டிக்காட்டலாம். இவை எளிதில் ஒதுக்கத்தக்க வாதங்கள் அல்ல. ஆனால் விளைவையும் பார்க்க வேண்டும். 2010ஆம் ஆண்டுக்குள் 2 கோடி அகலப்பட்டை இணைப்புகள் என்று அந்தக் கொள்கை இலக்கு வைத்தது. 2010 முடிவில் இருந்தவை சுமார் 1.1 கோடி. காப்பாற்றப்பட்ட கம்பிகளுக்கும் நல்ல காலம் வரவில்லை. 2006ஐ ஒட்டி ஏறத்தாழ 5 கோடியைத் தொட்ட தரைவழித் தொலைபேசிகள் அதன்பின் ஆண்டுதோறும் குறைந்தன. பிறர் தொடக்கூடாது என்று பூட்டி வைத்த சொத்து பூட்டியபடியே பழுதாகத் தொடங்கியது.

அந்தக் கொள்கை இன்னொரு காரியமும் செய்தது. அகலப்பட்டை என்றால் என்ன என்று வரையறுத்தது: எப்போதும் இணைந்திருப்பது, நொடிக்குக் குறைந்தது 256 கிலோபிட் வேகம் உடையது. ஓர் எண்ணைச் சட்டத்தில் எழுதினால் அது தரையாக மட்டும் இருப்பதில்லை. விற்பவர்களுக்கு அதுவே கூரையாகிவிடும். அடுத்த பல ஆண்டுகள் 256 என்ற எண் நம் வீடுகளில் குடியிருந்தது அப்படித்தான்.

*

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' என்ற பெயரில் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியது. அதே பழைய செப்புக் கம்பி. ஆனால் குரல் செல்லும் அலைவரிசைக்கு மேலே சும்மா கிடந்த பகுதியில் இணையம் சென்றது. தொலைபேசியும் இணையமும் ஒரே நேரத்தில் இயங்கின. அந்தச் சிறிய வெள்ளைப் பிரிப்பான் பெட்டியைச் சுவரில் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்று சொன்னால் இளையவர்கள் நம்பமாட்டார்கள்.

மாதம் 500 ரூபாய்த் திட்டத்தில் 1 ஜி.பி. அளவு. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் காசு. ஆனால் அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை கணக்கில்லை. தமிழ்நாட்டின் எத்தனையோ வீடுகளில் இளைஞர்கள் 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்த காலம் அது. 256 கிலோபிட் என்றால் நொடிக்கு 32 கிலோபைட். ஆறு மணி நேரத்தில் இறக்கக்கூடியது ஏறத்தாழ 675 மெகாபைட். ஒரு குறுந்தகட்டின் அளவு 700 மெகாபைட். ஒரு தகடு நிறையத் தேவையான நேரத்தைவிட அரசு தந்த இரவு கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான அளவே சிறியது! எட்டு மணிக்கு முன் இணைப்பைத் துண்டிக்க மறந்தவர்களுக்கு மாத முடிவில் பில் நினைவூட்டியது.

2007 ஜனவரி முதல் அளவுக்கட்டுப்பாடு உள்ள திட்டங்களுக்கு 2 மெகாபிட் வேகம் தரப்பட்டது. அளவில்லாத் திட்டம் வேண்டுமென்றாலோ 256 கிலோபிட்டில்தான். அதாவது, வேகமாக ஓடலாம், ஆனால் கொஞ்ச தூரம். அல்லது எவ்வளவு தூரமும் போகலாம், ஆனால் நடந்து. வீட்டுக்கு வீடு நடந்த விவாதம் எந்த நிறுவனம் என்பதைப் பற்றியதாக இல்லை. இந்த இரண்டில் எது என்பதாகவே இருந்தது.

செப்புக் கம்பிக்கு ஒரு குணம் உண்டு: தூரம் கூடக்கூட வேகம் கரையும். ஏ.டி.எஸ்.எல்.2+ நுட்பத்தின் உச்ச வரம்பு 24 மெகாபிட். அது இணைப்பகத்தின் வாசலில் குடியிருப்பவருக்கு. ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருப்பவருக்கு இணைப்புக் கிடைப்பதே அதிர்ஷ்டம். மழை பெய்தால் தெருமுனைப் பெட்டியில் நீர் புகும். மூட்டுகளில் பச்சைக் களிம்பு ஏறும். எங்களுள் ஒருவர் வீட்டில் மாதக்கணக்கில் வேகம் வராமல், சேவை தந்த அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, கடைசியில் ஒரு முதிய லைன்மேன் வந்தார். கணினியை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. தொலைபேசிக் கம்பி சுவருக்குள் நுழையும் இடத்திலிருந்து அடுத்த அறைக்கு எப்போதோ இழுத்திருந்த கிளைக் கம்பியைக் கண்டுபிடித்து வெட்டிவிட்டார். அன்று மாலையே வேகம் இரண்டு மடங்கு. "லைனுக்கு வாய் ரெண்டு இருந்தா குரல் பாதிதான் சார் வரும்" என்றார். பழி முழுவதையும் நிறுவனத்தின்மேல் போட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு அது ஒரு பாடம். வேகக் குறைவின் ஒரு பங்கு எப்போதும் நம் சுவருக்குள்ளேயும் இருக்கக்கூடும்.

இன்னொரு பங்கு அண்டை வீடுகளில் இருக்கிறது. விளம்பரத்தில் சொல்லும் வேகம் ஒரு வீட்டுக்கென்று ஒதுக்கப்பட்டதன்று. பல வீடுகள் சேர்ந்து பங்கிடுவது. 2009இல் டிராய் வகுத்த நெறிப்படி வீட்டு இணைப்புகளில் இந்தப் பங்கீடு ஒன்றுக்கு ஐம்பது வரை போகலாம். ஐம்பது வீட்டாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையே இதன் அடிப்படை. காலையில் பாயும் இணையம் இரவு ஒன்பது மணிக்குச் சொட்டுவதன் காரணமும் இதுவே.

*

கம்பி இல்லாத ஊர்களின் கதையைச் சொல்லாமல் இந்த வரலாறு முழுமையாகாது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய டெநெட் குழுவினரும் 1990களில் 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லா நுட்பத்தை உருவாக்கினர். வீட்டுக்கு வீடு செம்பு இழுக்கும் செலவு இன்றி, பேச்சும் 35 அல்லது 70 கிலோபிட் இணையமும் தரக்கூடியது அது. அதை வைத்து 2001 முதல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் தொடங்கப்பட்டன. சான்றிதழ் விண்ணப்பம், விவசாய ஆலோசனை, கண் நோய்க்கான கலந்தாய்வு என்று அந்தச் சிறிய அறைகள் பல வேலைகளைச் செய்தன. பின்னர் பல மையங்கள் நிலைக்காமல் மூடப்பட்டன. நுட்பத்தை வேகமான அகலப்பட்டையும் செல்பேசியும் முந்திச் சென்றன. ஆனாலும் 'நம் ஊருக்கு எவ்வளவு வேகம் போதும், எந்த விலையில்' என்ற கேள்வியை இங்கிருந்தே கேட்டு, இங்கேயே விடை தேடிய முயற்சி என்ற வகையில் அதற்கு வரலாற்றில் உரிய இடம் உண்டு.

*

அடுத்த மாற்றம் வானத்திலிருந்தும் மொட்டைமாடியிலிருந்தும் வந்தது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ தன் செல்பேசிச் சேவையைத் தொடங்கியபின் கைப்பேசியில் இணையம் மலிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் டிராய் ஓர் உத்தரவு இட்டது: 'நியாயமான பயன்பாட்டு' அளவு முடிந்தபிறகும் அகலப்பட்டை இணைப்பின் வேகம் 512 கிலோபிட்டுக்குக் கீழே போகக்கூடாது. 'அளவில்லாதது' என்று விற்கப்பட்டவற்றின் அளவு எங்கே முடிகிறது என்பதை ஓர் அரசாணை சொல்ல வேண்டியிருந்தது.

வரையறையின் கதையும் இதோடு ஓடியது. 2012ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை, 256 கிலோபிட்டை 512 ஆக்குவதாகவும் 2015க்குள் 2 மெகாபிட் ஆக்குவதாகவும் சொன்னது. 512 என்பது 2013இல் வந்தது. 2 மெகாபிட் 2023 ஜனவரியில்தான் வந்தது. சொன்ன காலத்துக்கு எட்டாண்டுகள் பிந்தி. அதற்குள் நகரத்து வீடுகளில் கண்ணாடி இழை வழியே 100 மெகாபிட் விற்பனைக்கு வந்துவிட்டது.

கண்ணாடி இழைக்குச் செம்பின் நோய்கள் இல்லை. தெருக்கோடி வீட்டுக்கும் இணைப்பகத்தின் அடுத்த வீட்டுக்கும் வேகத்தில் வேறுபாடு தெரியாது. ஆனால் இழையையும் யாரோ ஒருவர் தெருவில் இழுக்க வேண்டும் அல்லவா? நம் தெருக்களில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்தவர்கள், 1990களில் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி கேபிள் டி.வி. கம்பி வீசிய அதே உள்ளூர் ஆபரேட்டர்கள். பெரிய நிறுவனங்கள் பலவும், அரசு நிறுவனம் உட்பட, அவர்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டன. ஆகவே பெயர்கள் மாறினாலும், நம் தெருவுக்குள் எத்தனை இழை வந்திருக்கிறது என்பதே தேர்வின் எல்லை. பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சங்கம் உள்ளே அனுமதித்த ஒரே நிறுவனம்தான் எல்லோருக்கும். 2004இல் விடை சொல்லப்படாத கேள்வி வேறு பொருளில், வேறு உயரத்தில் மறுபடியும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

2020இல் பெருந்தொற்று வந்தபோது இன்னோர் உண்மை வெளிப்பட்டது. ஏ.டி.எஸ்.எல். என்ற பெயரின் முதலெழுத்தே 'சமச்சீரற்றது' என்பதைக் குறிப்பது. இறக்கும் திசைக்கு அகலச் சாலை, ஏற்றும் திசைக்கு ஒற்றையடிப் பாதை. வீட்டிலிருப்பவர் பெறுவார், பார்ப்பார், படிப்பார். தருவதற்கு அவரிடம் அதிகம் இராது என்று பொறியாளர்கள் எண்ணியிருந்தார்கள். பிள்ளை பாடம் ஒப்பிக்கவும், ஆசிரியை வீட்டிலிருந்தே பாடம் நடத்தவும் வேண்டிவந்தபோதுதான் அந்த எண்ணத்தின் விலை தெரிந்தது. எழுதுபவர்களுக்கும் அது பொருந்தும். வாசகனை மட்டுமே கற்பனை செய்து அமைக்கப்பட்ட கம்பியில் நாமெல்லாம் எழுத்தாளர்களாக நுழைந்திருக்கிறோம்.

*

இவ்வளவு வரலாற்றுக்குப் பின், இணைப்பு மாற்ற நினைக்கும் நண்பர் நம்மிடம் யோசனை கேட்டால் என்ன சொல்வது? நிறுவனத்தின் பெயரைச் சொல்வதில் பயனில்லை. ஒரு தெருவில் சிறந்தது அடுத்த தெருவில் மோசமாக இருக்கும். சில கேள்விகளைத்தான் சொல்லலாம். முதலில் சொந்த வீட்டுக்குள் பழுது இல்லை என்று உறுதி செய்துகொண்டாரா? கணினியை நேரடியாகக் கம்பியில் இணைத்து, காலையிலும் இரவு ஒன்பதுக்கும் வேகத்தை அளந்தாரா? விளம்பரத்தில் இருப்பது பிட்டா பைட்டா, இறக்கும் வேகமா ஏற்றும் வேகமா? அளவு முடிந்தபின் என்ன வேகம்? இப்போதைய நிறுவனமும் புதிய நிறுவனமும் தெருவில் ஒரே ஆபரேட்டரின் இழையில்தான் வருகின்றனவா? எல்லாவற்றையும்விட, அறுந்தால் வருவது யார், எத்தனை மணி நேரத்தில்? கடைசிக் கேள்விக்கு விளம்பரத்தில் விடை இராது. எதிர் வீட்டுக்காரரிடம்தான் இருக்கும்.

மேலூரின் அந்தச் சிறிய அறையில் 35 கிலோபிட் வேகத்தில் கண் காட்டிக்கொண்ட மூதாட்டிக்கும், இரவு 2 மணிக்கு அலாரம் வைத்த இளைஞனுக்கும், இழை வராத தெருவில் கைப்பேசியை ஜன்னலோரம் சாய்த்து வைத்துப் பாடம் கேட்ட மாணவிக்கும் தேவைப்பட்டது ஒன்றுதான்: தம் வாசலுக்கு வரும் வழி ஒருவருடைய விருப்பத்தில் மட்டும் தொங்காதிருப்பது. சாலையையும் தண்ணீரையும் மின்சாரத்தையும் பற்றி நாம் இப்படித்தான் பேசக் கற்றுக்கொண்டோம். இணையத்தைப் பற்றியும் அப்படிப் பேசத் தொடங்கினால், அடுத்த முறை நண்பர்கள் கூடும்போது "யாருடைய இணைப்பு?" என்ற கேள்விக்கு முன்னால் "யாருடைய கம்பி?" என்று ஒருவராவது கேட்பார்.